ஆளி விதைக்கு ஒரு சாட்சி

மாவு மில்
ஜனவரி 9

என் அன்பு மருமகளுக்கு,

மிஷின் ஒரு பக்கம் அலற, மாவு ஒரு பக்கம் பறக்க, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உன் தாய்மாமன் எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். மிஷினும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? பொங்கிவரும் பாசத்தோடு நான் நாலு பக்கம் எழுதினால் நீ நாலு வரி எழுதுகிறாய். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளுக்குக் கை எந்நேரமும் ஸ்டியரிங்கிலேயே இருக்குமோ?

போனில் பேசலாமே என்பாய். இந்த மிஷினோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதில் காது போய்விட்டது. போனை வைத்தால் ஏதோ வண்டு சுற்றுகிற மாதிரி இருக்கிறது. உன் அத்தை உன்னோடு அரை மணி நேரம் பேசிவிட்டு, "நல்லா இருக்காளாம்" என்று எனக்கு இரண்டு வார்த்தை பிச்சை போடுவாள். கடிதம் என்றால் என் பங்கு எனக்கு முழுசாக வரும்.

பொடி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நிலவரம் என்ன தெரியுமா? என் ஆளி விதைப் பொடிக்கு நாலாயிரம் பெண்கள் வாடிக்கை. (பக்கத்தில் நின்று எட்டிப்பார்க்கும் உன் அத்தை நாற்பது என்கிறாள். பூஜ்யத்துக்கு ஏது மதிப்பு, விட்டுத்தள்ளு.) இதில் இருக்கும் சூட்சுமத்தை உனக்கு மட்டும் சொல்கிறேன். விதைக்குள்ளே ஒரு சரக்கு இருக்கிறது. பெண்கள் உடம்பில் ஊறுகிற ஹார்மோன் மாதிரியே அது வேஷம் கட்டும். உடம்பும் ஏமாந்துபோய், "வாங்க, உள்ளே வாங்க" என்று கதவைத் திறந்துவிடும். ஆளி விதையில் ஒரு ஜாதி, சோயாவில் இன்னொரு ஜாதி. கோதுமை அரைக்க வந்த காலேஜ் வாத்தியாரம்மா ஒருத்தர் இதைப் பாதிவரை சொன்னார். அதற்குள் கரண்ட் வந்துவிட்டது, மிஷினைப் போட்டுவிட்டேன். மீதிப் பாதியை நானே யோசித்துக் கண்டுபிடித்தேன். எட்டாம் வகுப்பை மற்றவர்கள் ஒரு தடவைதான் படித்தார்கள், நான் மூன்று தடவை படித்தவன் அல்லவா!

அரைப்பதிலும் வித்தை இருக்கிறது. ஆளி விதை எண்ணெய்ச் சரக்கு. அப்படியே விட்டால் கல்லில் அப்பிக்கொண்டு மிஷினுக்கு மூச்சு முட்டிவிடும். அதனால் எல்லாருடைய தானியமும் முடிந்தபிறகு, கடைசியில், வறுத்த கடலையோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுவேன். பிறகு ஒரு கை அரிசி விட்டுக் கல்லைத் துடைப்பேன். இல்லாவிட்டால் மறுநாள் முதலில் வருகிறவர் மாவில் வாடை அடிக்கும்.

எதிர்க்கடைத் தையல்காரம்மா, உன் கல்யாண ரவிக்கை தைத்தாரே, அவர்தான் இப்போது என் முதல் வாடிக்கை. அந்த வயதில் வரும் உடம்புக் கொதிப்பு, ராத்திரி வேர்வை எல்லாம் பாதியாகக் குறைந்ததாம். "அண்ணே, நீங்க நல்லா இருக்கணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் ஒரு மந்திரிபோலத் தலையை ஆட்டினேன்.

இன்னொன்று. மில் வாசலில் போர்டு வைத்துவிட்டேன். உன் கல்யாணப் போட்டோவைப் பெரிசுபண்ணி ஒட்டி, "பெண்கள் உடம்புக் கோளாறுக்குக் கைகண்ட பொடி, என் மருமகளே சாட்சி" என்று சிவப்பில் எழுதியிருக்கிறேன். போன வருஷம் நீதானே எழுதினாய், உடம்பு தேவலை, பொடி வந்தது என்று!

இத்துடன் இரண்டு கிலோ அனுப்பியிருக்கிறேன். விடாமல் சாப்பிடு. தொட்டிலுக்குப் பணமே கட்டிவிட்டேன். (கட்டவில்லை. விலை கேட்டேன்.)

இப்படிக்கு,
நோய்களை விரட்டியடிக்கும் தானியச் சக்கரவர்த்தி,
உன் தாய்மாமன்


ஜனவரி 27

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். பொடி வந்தது. பையின் வாயை அத்தைதான் தைத்திருக்கிறார்கள், தையலைப் பார்த்தே தெரிந்தது. நாங்கள் நலம்.

போன வாரம் என்னிடம் படிக்க வந்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், ரிவர்ஸ் போடச் சொன்னால் முன்னால் போய் எங்கள் பள்ளியின் கேட்டையே தூக்கிவிட்டார். "கேட் தவறான இடத்தில் இருக்கிறது" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். எங்கள் வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அன்றைக்கு அதை மிதிக்க ஒரு நொடி தாமதித்துவிட்டேன்.

மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். என் போட்டோவை எடுத்துவிடுங்கள். நான் எழுதியது இரண்டு வரி. உடம்பு தேவலை என்பது ஒரு வரி. பொடி வந்தது என்பது வேறு வரி. இரண்டுக்கும் நடுவில் நான் எதுவும் எழுதவில்லை.

பொடியை விற்பதில் தப்பில்லை. நல்ல சாப்பாடுதான். ஆனால் மருந்து என்று சொல்லாதீர்கள். தொட்டில் பேச்சும் வேண்டாம்.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகள்


மாவு மில்
மார்ச் 12

என் கண்ணான மருமகளுக்கு,

உட்கார்ந்திருந்தால் எழுந்து நில். நின்றிருந்தால் எதையாவது பிடித்துக்கொள். உன் மாமன் காலத்தையே ரிவர்ஸ் போட்டுவிட்டான். உன் நீதிபதிக்கு வராத ரிவர்ஸ்!

போட்டோவை எடுக்கச் சொல்லியிருந்தாய். தன்னடக்கம் உனக்கு உன் அப்பாவிடமிருந்து வந்தது, எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. இருக்கட்டும், கேள்.

ஆம்பளை எழுதுகிற விஷயம் இல்லைதான். ஆனால் நான் இப்போது பாதி டாக்டர், டாக்டருக்கு ஏது கூச்சம்? தையல்காரம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மாதாமாதம் வருகிற அது நின்று ஏழு வருஷம் ஆகிறதாம். இப்போது திரும்பவும் வந்துவிட்டது! இளமை, அம்மாடி, இளமை! போன இளமையைக் காதைப் பிடித்துத் திருப்பி இழுத்து வந்திருக்கிறது என் பொடி!

எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? அவர் முதலில் வாயே திறக்கவில்லை. வெள்ளைத் துணி தைக்கக் கொடுத்தால் "கண்ணு சரியாத் தெரியலை, வேற எங்கயாவது குடுங்க" என்று திருப்பி அனுப்பினார். மிஷின் ஸ்டூல்மேல் ஒரு கறுப்புத் துணியை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். எழுந்திருக்கும்போது திரும்பித் திரும்பி அதையே பார்ப்பார். வாடிக்கைக்காரர்கள் ஏன் என்று கேட்டால், "ஸ்டூல்ல ஆணி" என்பார். பிறகு ஒருநாள் உன் அத்தையிடம்தான் சொன்னாராம்.

"அக்கா, மூணு மாசமா வருதுக்கா. முதல்ல சும்மா கறைபோல இருந்துச்சு. இப்ப நிறையவே படுது. இந்த வயசுல இதை யார்கிட்ட சொல்ல? வெக்கமா இருக்குக்கா."

"வலி இருக்கா?"

"வலியெல்லாம் ஒண்ணும் இல்லை. அண்ணன் பொடி வேலை செய்யுதுபோல."

பார்த்தாயா, அவர் வாயாலேயே வந்துவிட்டது! இரண்டு கரண்டி போதும் என்றேன், அவர் நாலு கரண்டி சாப்பிடுகிறார். உன் போட்டோவைக் காட்டி, "இந்தப் பொண்ணுக்கே சரியாச்சே, எனக்கு ஆகாதா" என்று சொல்லிச் சொல்லி டின்னை நீட்டுகிறார். முன்பு சின்ன டின், இப்போது எண்ணெய் டின் அளவுக்கு ஒன்று.

உன் அத்தைக்கு மட்டும் சந்தோஷமில்லை. "எனக்கு என்னமோ சரியாப் படலை. ஆஸ்பத்திரில ஒரு தடவை காட்டினா என்ன?" என்று முணுமுணுக்கிறாள். "உனக்குத் திரும்ப வரலையேன்னு பொறாமை" என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போடுகிறாள்.

அடுத்த போர்டில் தையல்காரம்மா போட்டோவையும் போடலாமா என்று யோசிக்கிறேன். உன் அபிப்பிராயம் என்ன?

இப்படிக்கு,
பாதி டாக்டர், முழு மாமன்


மார்ச் 17

மாமா,

இந்தக் கடிதத்தைக் கையில் வாங்கியவுடன் மில்லை நிறுத்துங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம். முதலில் தையல்காரம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பெண்கள் டாக்டரிடம். அத்தைக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். ஆனால் அவர் அத்தை பேச்சைக் கேட்கமாட்டார், உங்கள் பேச்சைத்தான் கேட்பார் என்று அத்தை சொல்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அது இளமை இல்லை மாமா. நின்று இத்தனை வருஷம் கழித்து ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே பார்க்க வேண்டும். ஒன்றுமில்லாமலும் போகலாம். கர்ப்பப்பையில் புற்றாகவும் இருக்கலாம். எது என்று டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியும். உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. பொடி எல்லாவற்றையும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். என்னென்ன சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த விதைச் சரக்கு உடம்பில் சில இடத்தில் ஹார்மோன்போல நடக்குமாம், சில இடத்தில் அதை வழிமறிக்குமாம். சாப்பாட்டில் இரண்டு கரண்டி சேர்த்தால் பயமில்லை. அதை நம்பி உட்கார்ந்திருப்பதுதான் பயம்.

இனி நான் சொல்வதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அத்தையிடமும் சொல்ல வேண்டாம்.

அந்தக் கறுப்புத் துணியை எனக்குத் தெரியும் மாமா. என் கார் சீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. மடித்து, மேலே உட்கார்ந்து, இறங்கும்போது திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறவர் கேட்டால், முதுகு வலிக்கு என்பேன். அப்படியே ஒன்றரை வருஷம் ஓட்டினேன். கட்டிகள். முதலிலேயே போயிருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருப்பார்கள். நான் போனபோது கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. போன வருஷம் முதுகுப் பிடிப்பு என்று லீவு போட்டேனே, அது அதற்குத்தான். உங்கள் மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியும். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அம்மா என்னைப் பார்த்து அழுவதைத் தாங்கும் தெம்பு எனக்கு இல்லை.

"உடம்பு தேவலை" என்று நான் எழுதியது அதற்கு அப்புறம்.

தொட்டில் விலை இனிக் கேட்காதீர்கள்.

மருமகள்


மார்ச் 22

அன்புள்ள மருமகளுக்கு,

கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கே வந்துவிடும் என்றான்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எட்டாம் வகுப்புக்கு அப்புறம் நான் எதையும் மூன்று தடவை படித்ததில்லை. உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எத்தனை கடிதத்தில் எத்தனை தொட்டில் கட்டினேன்! நீ ஒவ்வொன்றையும் படித்திருப்பாய்.

அதைப் பிறகு பேசலாம். இப்போது அவசரம் வேறு.

தையல்காரம்மா வர மறுக்கிறார். அன்றைக்கே போய்ச் சொன்னேன். சிரித்தார். "ஏன் அண்ணே, நீங்கதானே பொடி குடுத்தீங்க. நீங்களே இப்ப பயமுறுத்துறீங்க?" பொடியை நிறுத்து என்றேன். "வேற யாருக்கோ மொத்தமா விக்கப் பாக்குறீங்க, எனக்கு இல்லைன்னு சொல்ல மனசு வரலை. அதானே?" என்றார். உன் அத்தை கையைப் பிடித்து இழுத்தாள். கைகலப்பு வரைக்கும் போய்விட்டது. நான் சத்தியம்கூடப் பண்ணினேன். நான் பண்ணின சத்தியங்களுக்கு இந்தத் தெருவில் என்ன மதிப்பு என்று அன்றுதான் பார்த்தேன். இத்தனை வருஷம் நான் அளந்ததை எல்லாம் நம்பினவர், உண்மையைச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்.

கடைசியில் மில் வாசலைக் கையால் காட்டினார். "அந்தப் பொண்ணு உங்க பொடியாலதான் சரியானா. அது பொய்யா?"

நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாயே.

போர்டைக் கழற்றிவிட்டேன். அது போதவில்லை. கழற்றினதும், மொத்த வியாபாரம் நிச்சயம் என்று முடிவே கட்டிவிட்டார்.

நீ சொல் அம்மா. உன்னைக் கேட்காமல் நான் சொல்லமாட்டேன்.

மாமன்


மார்ச் 23

மாமா,

சொல்லுங்கள். என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். கறுப்புத் துணி உட்பட. கூட்டாமல், குறைக்காமல் சொல்லுங்கள், அது மட்டும் போதும்.

அம்மாவிடம் இன்று நானே சொல்லிவிடுகிறேன். ஊர் வழியாகத் தெரிய வேண்டாம்.

மருமகள்


ஜூன் 5

அன்புள்ள மருமகளுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. ஒவ்வொரு முறை எழுத உட்கார்ந்தாலும் பேனா தானாகவே ஜோடிக்க ஆரம்பித்துவிடுகிறது. கிழித்துப் போட்டுவிடுவேன். இதில் ஜோடனை எதுவும் இல்லை, உன் அத்தை படித்துப் பார்த்துவிட்டுத்தான் உறை ஒட்டப்போகிறாள்.

உன் கடிதம் வந்தது நல்ல பகல் வேளை. வரிசையில் ஆள் நின்றது. மில்லை நிறுத்தினேன். பகலில் மில் நின்றால் தெருவே திரும்பிப் பார்க்கும், பார்த்தது. நேராக எதிர்க்கடைக்குப் போய் ஸ்டூலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து சொன்னேன்.

"அப்ப அந்தப் பொண்ணு பொடியால சரியாகலையா?"

"இல்லம்மா. அறுத்து எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் சரியாச்சு."

"நீங்க போர்டுல எழுதினீங்களே அண்ணே."

"எனக்குத் தெரியாதும்மா. தெரியாததை எழுதிட்டேன்."

பிறகு, உன் சீட்டில் இருந்த துணியைப் பற்றிச் சொன்னேன். அதற்குத்தான் அவர் தலை நிமிர்ந்தார். அதுவரை நான் சொன்னது எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று தோன்றியது. கையை மெதுவாக ஸ்டூலுக்குக் கீழே கொண்டுபோய் அந்தத் துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அவளும் போட்டிருந்தாளா?" என்று கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

"இந்த ரவிக்கைக்குக் கொக்கி மட்டும் பாக்கி. வெச்சுட்டு வரேன், நாளைக்குக் கல்யாணப் பொண்ணு கேட்டு வரும்" என்றார். வைத்து முடிக்கும்வரை நின்றேன். அவசரப்படுத்தத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் கொஞ்சம் சதையெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா மெதுவாகப் பேசினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உன் அத்தையின் முகத்தைப் பார்த்தேன், தெரிந்துவிட்டது. தையல்காரம்மா தன் முந்தானை ஓரத்தில் பிரிந்திருந்த ஒரு நூலைச் சுருட்டிச் சுருட்டி, கடைசியில் அறுத்துவிட்டார்.

நான் ஒன்று கேட்டேன். என் பொடியாலா வந்தது என்று கேட்டேன். டாக்டரம்மா சொன்ன பதிலை உன் அத்தை என் காதுக்குள் கத்தினாள். "தெரியாதாம்! பொடியால வந்துதுன்னும் சொல்ல முடியாதாம், இல்லைன்னும் சொல்ல முடியாதாம்! முதல் நாள் பட்டப்பவே வந்திருக்கணுமாம்!" தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஊரில் எது நடந்தாலும் அதில் எனக்கு ஒரு பங்கு உண்டு என்று சொல்லித் திரிந்தவன் நான். இதில் பொடிக்குப் பங்கு உண்டா என்று யாருக்கும் தெரியவில்லை. வீணாய்ப் போன மாதங்களுக்கு மட்டும் முழுப் பங்கும் எனக்குத்தான்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இப்போது கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கிறார்கள். பரவியிருக்கிறதா என்று இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை. நன்றாகிவிடுவார் என்று எழுதக் கை துடிக்கிறது. எழுதமாட்டேன். எனக்குத் தெரியாது.

அவருக்கு எதுவும் இறங்கவில்லை. கஞ்சி மட்டும் குடிக்கிறார். ஆளி விதை வாடையே இப்போது அவருக்கு வயிற்றைப் புரட்டுகிறதாம். சிகிச்சை முடியும்வரை அது எந்த வடிவிலும் வேண்டாம் என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். அதனால் விடிந்ததும், யாருடைய தானியமும் விழுவதற்கு முன், கல்லைக் கழற்றித் துடைத்து, அரிசி விட்டு அந்த மாவைக் கீழே கொட்டி, மறுபடியும் அரிசி விட்டு அதையும் கொட்டி, அதற்கு அப்புறம் வருவதைத்தான் அவருக்குக் கஞ்சிக்கு எடுக்கிறேன். உன் அத்தை மோந்து பார்த்துச் சரி என்றால்தான் போகும். அவள் என்னோடு பேசுகிறாள். அதிகம் இல்லை.

நேற்று கஞ்சி கொண்டுபோனபோது, "என்ன அண்ணே, இன்னைக்குக் கதை ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். "இல்லம்மா" என்றேன். "அப்ப கஞ்சி எப்படி இறங்கும்?" என்றார். உன் நீதிபதி கதையைச் சொன்னேன். அது நடந்த கதை என்பதால் சொல்லலாம் என்று நினைத்தேன். கேட் தவறான இடத்தில் இருக்கிறது என்றதும் சிரித்தார், வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு.

அக்கா வந்திருந்தாள். நீ சொன்னாயாம். இங்கே வந்து அழுதாள், உன்னிடம் அழவில்லையாம். நீ எதிர்பார்த்ததைவிட உன் அம்மா கெட்டிதான்.

நான் அனுப்பிய பொட்டலங்களை எல்லாம் நீ என்ன செய்தாய் என்று கேட்கமாட்டேன். நீயும் சொல்ல வேண்டாம்.

போர்டில் இருந்த உன் போட்டோவைத் திருப்பி அனுப்பச் சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். நீ கேட்கவில்லை. மாவைத் துடைத்து, வீட்டுக்குள், நாங்கள் சாப்பிடுகிற இடத்தில் மாட்டியிருக்கிறேன். அங்கே நீ எதற்கும் சாட்சி இல்லை. எங்கள் வீட்டுப் பெண், அவ்வளவுதான்.

முடிந்தபோது எழுது. நாலு வரி போதும்.

மாமா